முன்வாசல் வழியாகப் போன நாள்

விழுப்புரம் ரோட்டில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்திருக்கிறார்கள். என் மண்டியிலிருந்துதான் அவர்களுக்குக் காய் போகிறது. எந்தக் காய் எவ்வளவு வேண்டும் என்று பேசி முடிக்க நேற்று மதியம் போயிருந்தேன். சமையல்கட்டுக் கதவைத் தள்ளியதும் அந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. தந்தூரி அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசனை, அதோடு காய்ந்த வெந்தயக்கீரையும் வெண்ணெயும். அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா மொதலாளி, ஒடம்பு சரியில்லியா?" என்றார் மாஸ்டர்.

"பொகை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேனில் உட்கார்ந்துகொண்டேன்.

வில்லியனூர் ஆளுக்கு அது ஊர் வாசனை கிடையாது. நம் இரண்டு பேருக்கும் அது பாரீஸ் வாசனை. அங்கேதான் அதற்குப் பெயர் இந்தியச் சாப்பாடு. நீ போனபின் அந்த மாதிரிக் கடை எதற்குள்ளும் நான் போகவில்லை. இப்போது கடையே ஊர்தேடி வந்துவிட்டது.

உள்ளதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உனக்கும் தெரிந்த கதைதான். செல்லிப்பட்டுக்கு உன்னைப் பெண் பார்க்க வந்தபோது, உன் முகத்துக்கு முன்னால் உன் வீட்டு நேஷனாலிட்டியைத்தான் நான் பார்த்தேன். உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் வாங்கிய குடியுரிமை வழிவழியாக வந்து, ஒரு பிரெஞ்சு அடையாளக் கார்டாக உன்னிடம் நின்றிருந்தது. என்னிடம் பாகூர் ஏரிப் பாய்ச்சலில் குத்தகை நிலத்துக் கரும்பை வெட்டிய இரண்டு கைதான் இருந்தது. என் சின்னம்மா உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கார்டு வந்துட்டாளா?" "கார்டு சாப்ட்டாளா?" இப்படித்தான். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். நீ கல்யாணமான மறு வாரமே என்னைப் பார்த்து, "யோவ், கார்டுக்குத் தாகமா கீதாம், ஒரு சொம்பு தண்ணி எட்த்தா" என்றாய்.

நாலு பேர் முன்னால் 'இன்னாங்க'. தனியாக இருந்தால் 'யோவ்'. பாரீஸுக்குப் போன பிறகு 'இன்னாங்க'வுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சுற்றி இருந்தவன் எவனுக்கும் தமிழ் தெரியாதே.

அங்கே நாம் காய்கறி வியாபாரம் பிடித்த கதையைத் திரும்ப எழுதப் போவதில்லை. வேனை நான் ஓட்டுவேன். பின்னால் உட்கார்ந்து நீ வெண்டைக்காயைத் தரம் பிரிப்பாய். ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்ப்பாய். சட்டென்று ஒடிந்தால் ஒரு பெட்டி, வளைந்தால் முத்தல், அது இன்னொரு பெட்டி. வளைந்ததை அடிவிலைக்குத் தள்ளுவோம். இந்திய ஓட்டல்கள்தான் நம் வாடிக்கை. எல்லா ஓட்டலிலும் நமக்குப் பின்வாசல். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, எண்ணெய் வழுக்கும் படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். நான் ரசீது எழுதுகிற நேரத்தில் நீ எட்டி உள் அறையைப் பார்ப்பாய். வெள்ளைத் துணி விரித்த மேசை, கண்ணாடிக் கிளாஸ், மெழுகுவத்தி.

"ஒரு நாளு முன்வாசல் வழியா போயி குந்தணும்யா."

"நாம வித்த வெண்டைக்காய நாமளே பத்து மடங்கு குட்த்துத் தின்னணுமா? பைத்தியமா?"

"அதான் போவணும்ன்றேன். பத்து மடங்கு வாங்குறானே, இன்னாதான் பண்றான்னு பாக்க வாணாமா?"

வருஷக்கணக்காக இதே பேச்சு. நான் அசையவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வியாபாரக் கணக்கில் நான் சொன்னதுதான் சரி என்பேன். நீயும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. வேனில் போரடித்தால் எடுத்து உரசுவதற்கு அது உனக்கு ஒரு கத்தி.

ஆஸ்பத்திரியில் உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார். ஊருக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் உடனே கூட்டிப்போக வேண்டும், தள்ளிப்போட்டால் விமானத்தில் உட்காரத் தெம்பு இருக்காது என்றும் சொன்னார். வெளியே வந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. தலையில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நீ சொன்னாய்:

"இன்னிக்குப் போலாமா? முன்வாசல் வழியா."

நாம் பெட்டி இறக்குகிற அதே கடைக்குத்தான் போனோம். முதலாளி ஒரு பஞ்சாபிக்காரர். நம்மைக் கண்ணாடிக் கதவில் பார்த்ததும் ஓடி வந்துவிட்டார். காலையில் போட்ட சரக்கில் ஏதாவது கோளாறா, எதற்கு இந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று பிரெஞ்சில் பதறினார். சாப்பிட வந்திருக்கிறோம் என்று நீ சொன்னாய். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜன்னலோரம் உட்கார வைத்து, மெழுகுவத்தியை அவரே கொளுத்தினார்.

பட்டியலில் 'மெட்ராஸ்' என்று ஒரு கறி இருந்தது. நம்ம பக்கத்துப் பெயராயிற்றே என்று நான் அதைச் சொன்னேன். வந்தது ஆரஞ்சு நிறத்தில் இனிப்பாக ஒரு குழம்பு. ஒரு வாய் வைத்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய்.

"மெட்ராஸ் மேல இவனுக்கு எதுனா பகையா?"

சிரித்தாய். சிரித்தால் வயிறு வலிக்கும், கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாய். பிறகு சோற்றையும் வெண்டைக்காயையும் மட்டும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். வாரக்கணக்கில் கஞ்சியே இறங்காத தொண்டையில் அன்று நாலு வாய் சோறு இறங்கியது. தின்றுகொண்டே வெண்டைக்காய்த் துண்டுகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாய்.

"முத்தல தனியா போட்டு வச்சேன். அதையும் அறுத்துப் போட்டுட்டான் பாரு, பாவி."

அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். "டிக்கெட் போட்டுடறேன். ஊருக்குப் போயிடலாம்."

"யாரு?"

"நாமதான்."

"எனக்கு ஊர்ல இன்னா கீது? உங்க சின்னம்மா வாசல்ல நின்னுகினு, கார்டு காலாவதி ஆயிடுச்சாடான்னு கேக்கும். அதக் கேக்கவா அவ்ளோ தூரம் போவணும்?"

உனக்குக் குரல் மெலிந்துவிட்டது, ஆனால் பேச்சு மெலியவில்லை.

"பொண்ணு இங்க கீறா. தோணுச்சுன்னா பஸ் ஏறி வந்து ஒரு பூவ வச்சிட்டுப் போவா. அங்க கொண்டுபோயி வச்சா மாடுதான் வந்து பாக்கும். என்னை இங்கியே வச்சிடு."

"அப்ப நானும் இங்கியே இருக்கேன்."

"நீயா? குளுரு வந்தா முட்டியப் புட்ச்சிகினு மாசக்கணக்குல மொனகுவ. வில்லியனூர்ல மண்டி போடணும் மண்டி போடணும்னு வந்த நாள்லேந்து பொலம்புற. போயி போடு. என் குழிகிட்ட குந்திகினு காவல் காக்காத, எனக்குப் புடிக்காது."

"சரி பாக்கலாம்."

"உன் 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா? இந்த வார்த்தைய வச்சித்தானே ஊரையே ஏமாத்துற." தட்டை என் பக்கம் தள்ளினாய். "சோத்து மேல கை வச்சி சொல்லு. ஊருக்குப் போறேன்னு சொல்லு."

மெழுகுவத்தி வெளிச்சத்தில், சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, உன் எச்சில் சோற்றின்மேல் உள்ளங்கையை வைத்து நான் சொன்னேன். "போறேன்." சோறு இன்னும் சூடாக இருந்தது.

கறுப்பாக விடியும் அந்த ஊர்க் குளிர்காலம் தொடங்குவதற்குள் நீ போய்விட்டாய். நம் வழக்கப்படி புதைத்தோம். மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனால் காவல்காரன் பாக்கெட்டைக் கையிலேயே தடுத்தான். மகள் அவனிடம் கெஞ்சி அழுதபிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எல்லாம் முடிந்து, வேனையும் வாடிக்கையையும் கைமாற்றிவிட்டு, சொன்னபடி வந்துவிட்டேன். மண்டி நன்றாக ஓடுகிறது. கரையாம்புத்தூரிலிருந்து வெண்டை வருகிறது. இறக்கும்போது நானே உட்கார்ந்து நுனியை ஒடித்துப் பார்க்கிறேன். வேலையாட்கள் சிரிக்கிறார்கள்.

சின்னம்மா இப்போது படுத்த படுக்கை. நான் வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள தனியா அங்க வுட்டுட்டு வந்துட்டியேடா" என்று அழுதது. உன்னை முதல்முறையாக 'அவ' என்று சொன்னது. ஊரிலும் பேசுகிறார்கள். கார்டை வைத்துப் பிழைத்தான், காரியம் முடிந்ததும் அந்நிய மண்ணில் தள்ளிவிட்டு வந்துவிட்டான் என்று. நீதான் போகச் சொன்னாய் என்று சொன்னால் எவன் நம்புவான்?

இங்கே எனக்குப் பெரிய சுகமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் இருக்கிறது, முட்டி வலி இல்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் 'யோவ்' என்று கூப்பிட ஆளில்லை. எல்லோரும் 'மொதலாளி' என்கிறார்கள்.

நேற்று வேனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஓட்டலைச் சுற்றி நடந்து முன்வாசல் வழியாக உள்ளே போனேன். சோறும் வெண்டைக்காயும் கேட்டேன். முத்தலை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தின்றேன். என் சரக்குதான். முத்தல் இரண்டே துண்டுதான் இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த இடுகாட்டில் உன் இடத்தை எடுத்தபோது இரண்டு பேரை ஒருவர்மேல் ஒருவராக வைக்கிற குழியாகத்தான் எடுத்தேன். அங்கே நிலம் சொந்தமாகாது, நம்மூர் மாதிரிக் குத்தகைதான். கீழே நீ இருக்கிறாய். மேலே காலி. அதை என்ன செய்வது என்று மகள் போனில் கேட்டாள். சும்மா கிடக்கிற சரக்கை ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளாதவன் நான். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்குப் போவேன் என்றுதான் சோற்றின்மேல் கை வைத்தேன். போய்விட்டேன். உன்னிடம் திரும்பி வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் என்னோடு வியாபாரம் செய்தவள், அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.