அது எந்த வீட்டுச் சாவி?

அன்பு மகள் ஷுரூக்குக்கு அம்மா எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் அலெக்சாந்திரியாவில் நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டிவலியைச் சேர்க்காவிட்டால். நீ நலமா? எப்போதும் வழக்கத்துக்குக் கேட்கிற கேள்விதான், ஆனால் இந்தத் தடவை எனக்கு உண்மையான பதில் வேண்டும். போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் துபாய்க்கு வருகிற உன் சித்தி மகள் மதீஹாவிடம் பெருநாள் பிஸ்கட்டான கஹ்க் டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். உன்னைப் பற்றிய கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

உன் தரகுப் பயிற்சியாளர் சொல்லித் தந்ததாக, அவரும் வீட்டுத் தரகர்தானே என்று அப்பாவுக்கு நீ அனுப்பினாயே, வீடு விற்பனைக்கு வருமுன்பே வீடியோ போட்டு ஆசையைக் கிளப்ப வேண்டும், தினமும் முகத்தைக் காட்ட வேண்டும், ஜெயிக்கும் முன்பே ஜெயித்தவர் போலத் தெரிய வேண்டும் என்று, அதைப் படித்ததும் அவர் முதலில், "என் மூஞ்சியப் பாத்தா வாங்க வர்றவனும் ஓடிடுவான்" என்று சிரித்தார். பிறகு, "நம்ம பொண்ணு இதை வெச்சுத்தானடி அங்க இத்தனை வீடு விக்குது" என்று சொல்லி மீசைக்கு மை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நம் தெருக்கோடி இப்திசாம் தன் வீட்டை விற்றுவிட்டு தந்தாவில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறாள் அல்லவா, அந்த வீட்டைத்தான் படம் எடுத்தார். கூடம், சமையலறை, அவள் கல்யாணப் போட்டோ எதையும் விடவில்லை. விரைவில் விற்பனைக்கு என்று போட்டுவிட்டார். விற்கிறவர் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் தரகர் வாயைத் திறக்க வேண்டும் என்று நம் தெருவில் யாருக்குத் தெரியாது? அவள் கேட்டிருப்பாள் என்று இவர் நினைத்துவிட்டார். அவளோ, பக்கத்து வீட்டு வஹீத் தன் அக்காவின் காரியத்துக்கு மன்சூரா போயிருக்கிறாரே, வந்ததும் நேரில் கேட்கலாம் என்று காத்திருந்தாள். அவர் ஊர் திரும்பி முடிவெட்டப் போன இடத்தில், நாவிதர் போனில் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். பாதி முடியோடு எழுந்து நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். "இத்தனை வருஷமா ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். ஊரே பாத்து முடிச்சப்புறம் எனக்கு என்னத்துக்குய்யா சொல்றீங்க? என் பையன் கல்யாணத்துக்கு அந்த வீட்டத்தான் மனசுல வெச்சிருந்தேன். இப்ப சும்மா குடுத்தாலும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார். துக்க வீட்டிலிருந்து வந்த மனிதர், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீடியோவை ஆயிரக்கணக்கில் பார்த்தார்களாம், இதயமாக அனுப்பித் தள்ளுகிறார்கள். வாங்க ஒருவர்கூட வரவில்லை. யார் யாரோ வந்து மணியடித்துத் தரை ஓடுகளைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள், இப்திசாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே கிடக்கிறாள். அப்பா காப்பிக்கடைப் பக்கமே போவதில்லை. இன்று காலை நானே அவரைக் கிளப்பி வஹீத் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க அனுப்பியிருக்கிறேன், என்ன ஆகுமோ தெரியவில்லை.

ஆனால் என் பயம் அதுவல்ல ஷுரூக். இவ்வளவு நடந்ததும், அந்தப் பயிற்சியாளர் சொன்னபடி செய்து நீ எப்படித்தான் விற்கிறாய் என்று பார்க்க உட்கார்ந்தேன். உன் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். வீடு விற்றாகிவிட்டது என்று ஒவ்வொன்றிலும் சாவியை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாய். அந்தச் சாவியில் ஒரு நீல மணி தொங்குகிறது, ஓரம் உடைந்த மணி. எல்லாவற்றிலும் அதே மணி, அதே சாவி. அது நீ விமானம் ஏறிய அன்று, கண் படக்கூடாது என்று துபாயில் நீ தங்கப்போகிற அறையின் சாவியில் கோர்க்கச் சொல்லி நான் கொடுத்தது. பெற்றவளுக்கு அடையாளம் தெரியாதா? விற்ற வீட்டுச் சாவி ஒன்றாவது உன் கைக்கு வந்ததா, கண்ணே? சாப்பிடுகிறாயா? கன்னம் ஒட்டியிருக்கிறதே, அது மேக்கப்பா, பட்டினியா? அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. உன்னை நம்பித்தான் அவர் இதில் இறங்கினார், தெரிந்தால் உடைந்துபோவார். உன்மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை, அந்தப் பயிற்சியாளர் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றுவேன், அவ்வளவுதான். தினமும் யாருக்காகவோ சிரிக்கிறாய், ஒரு நாள் என்னிடம் அழுதுவிடேன்.

இறைவன் உன்னைக் கண்போலக் காக்கட்டும், உன் உழைப்பில் பரக்கத் கிடைக்கட்டும். கஹ்க்கை மற்றவர்களுக்கே பங்கு வைத்துவிடாமல் நீயும் தின்னு. டப்பாவின் அடியில் காகிதத்தில் சுற்றி ஒரு சாவி வைத்திருக்கிறேன். நம் வீட்டு வாசல் சாவி. அதை வீடியோவில் காட்டாதே.

உன் அம்மா,
நஜ்வா