இந்த வெயிலுக்கு ஆகாத ஆயில்

அன்பு மகள் பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறியிருக்கிறது. நீ அந்தக் குளிரில் நன்றாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், நடுவில் உன் அப்பா அதைப் பிடுங்கி, “விடும்மா, அவ வேலைக்குக் கிளம்பணும்” என்று வைத்துவிடுவார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டப் போகிறேன், நீயும் பாதியில் மடித்து வைக்காமல் படி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாய், நான் வாசலில் வண்டியின் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். உடனே நீ, “அப்பா, இப்போ எல்லாரும் ஜீரோ டபிள்யூ இருபதுதான் போடறாங்க, என் காருக்கும் அதுதான், எஞ்சின் வழுவழுன்னு ஓடும், டீசலும் மிச்சம்” என்றாய். அவர் ஆபீசில் ஃபைல் எழுதின காலத்துக் கையெழுத்தில் அதை அப்படியே காலண்டர் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஓய்வு பெற்று நான்கு வருஷமாக அவருக்கு உத்தரவு போட ஆளில்லாமல் இருந்தது, நீ போட்டதும் முகமே மாறிவிட்டது. நான் ஈரத்துணியோடு உள்ளே வந்து, “நம்ம வண்டி மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடினது, இந்த வெயிலுக்கு மெல்லிசு ஆயில் ஆகாது, எப்பவும் போடறதையே போடுங்க” என்றேன். அதற்குள் நீ வைத்துவிட்டாய். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, “இஞ்சினியர் சொல்றா, நீ சொல்றியா?” என்றார். நீ இஞ்சினியர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ அங்கே செய்வது காரின் கதவு ரப்பர். கதவு ரப்பரைப் பற்றி நீ என்ன சொன்னாலும் நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வேன்.

அந்த வண்டியை ஒன்பது வருஷமாக ஓட்டுவது நான். கிளட்சு கொஞ்சம் இழுத்தாலும் என் கால் சொல்லிவிடும், பிரேக் கட்டை தேய்ந்தால் என் காதுக்குத் தெரியும். ஆனால் நீ வண்டியைப் பற்றிப் பேசுவது ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத அப்பாவிடம். என்னிடம் பேசினால் ஜலதோஷம் இருக்கிறதா, முழங்கால் வலி எப்படி, தூங்கினாயா என்று மட்டும் கேட்கிறாய். அந்த அக்கறை எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதோடு ஏன் நிறுத்திக்கொள்கிறாய்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நம் மெக்கானிக்கை உனக்குத் தெரியும், நாள் முழுக்க நான்கு வார்த்தைக்கு மேல் பேசாததால் எல்லாரும் மௌனி என்று கூப்பிடுவார்களே அவர்தான். அந்த வாரம் அவர் கடை மூடியிருந்தது. நான் பாங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து உன் அப்பா வேறொரு கடை ஆளை வீட்டுக்கே கூட்டி வந்து பழைய ஆயிலை இறக்கி நீ சொன்னதை ஊற்றிவிட்டார். நான் திரும்பி வரும்போது காலி டப்பாக்கள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, அவர் பக்கத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நிற்கிறார். சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. மறுநாள் என் வண்டியில் வாடிக்கையாக வரும் நோயாளிகளை டயாலிசிசுக்குக் கூட்டிப் போக வேண்டும், அவர்களுக்கு வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும், அதில் லீவு என்பதே கிடையாது. வண்டி ஓடினால் போதும் என்று இருந்துவிட்டேன், அது என் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. முதல் இரண்டு நாள் காலையில் வண்டி பூனை மாதிரிச் சத்தமில்லாமல் கிளம்பியது. அப்போது உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் மதியம் சிக்னலில் நிற்கும்போது எஞ்சினில் டக் டக் என்று ஒரு சத்தம், டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டியது, ஆக்சிலேட்டரை அழுத்தினால் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால், “சென்சார்ல ஏதாவது கோளாறா இருக்கும், புது ஆயில்ல என்ன ஆகப் போகுது” என்கிறார்.

நான்காம் நாள் வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. வண்டியில் நான்கு பேர், ஒரு மணி பாட்சுக்குப் போகிறவர்கள். பெரிய பாலத்தின் மேல் யாரோ லாரியைப் பிரேக் டவுன் ஆக்கி வைத்திருந்தார்கள், முன்னாலும் நகர முடியாது பின்னாலும் போக முடியாது, ஏசி ஓடுகிறது, எஞ்சின் நின்ற இடத்திலேயே கொதிக்கிறது. அப்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, அழுத்தினாலும் அணையவில்லை, டக் டக் இப்போது சுத்தியல் அடிக்கிற மாதிரி. நான் எஞ்சினை அணைத்துவிட்டேன். முன் சீட்டில் தையற்காரர், எப்போதும் அங்கேதான் உட்காருவார், அவருக்குக் காலில் புண் இருக்கிறது. அவர், “என்னம்மா இது, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, டிராபிக் விட்டதும் மெதுவா ஓட்டிடு, போய்ச் சேர்ந்திடலாம்” என்றார். அவர் கேட்டது நியாயம்தான், கிட்னி வெளியேற்றாத தண்ணீர் அவர் உடம்புக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் வழியிலேயே இறுகிப் பிடித்து நின்றுவிடும், அப்புறம் அன்றைக்கு மட்டுமில்லை, எந்த நாளைக்கும் வண்டி கிடையாது. முடியாது என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், நர்ஸ் ஒன்றரைக்குள் வந்தால் படுக்கை வைத்திருக்கிறேன், இல்லையென்றால் சாயங்காலம்தான் என்றார். கொஞ்சம் கழித்துப் போக்குவரத்து விட்டதும் பின்னால் காலியாக வந்த ஒரு ஸ்கூல் பஸ்ஸை மறித்தேன். அந்த டிரைவர் நல்ல மனுஷர், மூன்று பேரை ஏற்றிக்கொண்டார், அவர்களில் ஒருவரான டைப்பிஸ்ட் அக்கா, மற்ற இருவரையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினார். தையற்காரரால் அந்த உயரமான படியில் காலை வைக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிப் பார்த்தோம், வலி தாங்காமல் வேண்டாம் என்றுவிட்டார். ஆட்டோவைப் பாலத்தின் மேல் வரவழைக்க முக்கால் மணி நேரம் ஆனது, அதுவரை வண்டிக் கதவைத் திறந்துவைத்து, அவர் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குத் தாகம், ஆனால் ஒரு மடக்குக்கு மேல் குடிக்கக் கூடாது, என் கையில் முழு பாட்டில் இருக்கிறது. திட்டியிருந்தால் கூடத் தேவலாம் போலிருந்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டார். சாயங்காலம்தான் அவருக்கு இடம் கிடைத்தது, அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்து ஒரு நாள் உள்ளே படுக்க வைத்தார்கள். மறுநாள் அவர் மகன் போன் செய்து, “வண்டியை ஒழுங்கா வைச்சுக்கத் தெரியலன்னா எதுக்கு இந்தத் தொழில்? இனிமே எங்கப்பா உங்க வண்டியில வர மாட்டார்” என்றான். என்ன சொல்வேன், என் மகள் சொன்னாள், என் வீட்டுக்காரர் ஊற்றினார் என்றா?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மௌனி கடைக்குப் போனோம். அவர் ஆயில் குச்சியை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “தண்ணியா இருக்கு” என்றார், அவ்வளவுதான். பிறகு எஞ்சினின் அடிப்பகுதியைக் கழற்றிப் பார்த்தார், பேரிங் கொஞ்சம் உரசியிருக்கிறது, மாற்ற வேண்டும், எஞ்சின் பிழைத்துவிட்டது. அப்புறம் அந்த மனுஷர் ஒரு வருஷத்துக்கான பேச்சை ஒரே நாளில் பேசினார். “டபிள்யூவுக்கு முன்னால இருக்கற நம்பர் குளிர்ல கிளம்பறதுக்கு, பின்னால இருக்கற நம்பர் சூட்டுல தாங்கறதுக்கு. உங்க பொண்ணு ஊர்ல பனி, புது எஞ்சின், உள்ள பாகங்களுக்கு நடுவுல இடைவெளி ரொம்பச் சின்னது, அதுக்கு மெல்லிசுதான் சரி. இங்க பனி எங்கம்மா இருக்கு? பழைய எஞ்சின், உள்ள தேஞ்சு இடைவெளி பெரிசாயிருக்கு, மெல்லிசு ஆயில் சூடானா அதுல நிக்காது, வழிஞ்சுடும், அழுத்தம் விழுந்துடும்” என்றார். உன் அப்பா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, “அப்படின்னா இருக்கறதுலயே கெட்டியானதைப் போட்டுடுங்க” என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மௌனி சிரிக்காமல், “அதுவும் வேணாங்க, ரொம்பக் கெட்டியா இருந்தா காலைல கிளம்பினதும் ஆயில் மேல ஏற நேரமாகும், அதுவரைக்கும் உரசும். வண்டியோட வந்த புத்தகம் எங்க?” என்று கேட்டார். அது எங்கே இருந்தது தெரியுமா, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒன்பது வருஷமாகப் பத்திரமாக இருந்தது. திறந்தால் ஒரு பக்கத்தில் தெர்மாமீட்டர் மாதிரிப் படம் போட்டு, வெளியே எவ்வளவு சூடு இருந்தால் எந்த ஆயில் என்று சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரிகிற மாதிரிக் கோடு போட்டிருக்கிறது. நம் வெயிலுக்குப் பதினைந்து டபிள்யூ நாற்பது, அதுவும் டீசல் எஞ்சினுக்கு என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். தூசியிலும் போக்குவரத்திலும் நின்று நின்று ஓடும் வண்டிக்குச் சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்று என்றும் கீழே போட்டிருக்கிறது. நானும் அதை எடுத்துப் பார்த்ததில்லை, காதையும் காலையும் நம்பியே இருந்துவிட்டேன். கிளம்பும்போது மௌனி என்னிடம், “நீங்க நிறுத்தினதாலதான் எஞ்சின் இருக்கு, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா எஞ்சினைச் சுத்தற கிராங்கே போயிருக்கும்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தக் கடைக்குள்ளேயே அழுதுவிடுவேன் போலிருந்தது, ஆனால் உன் அப்பா முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

உனக்கு விஷயம் தெரிந்ததும் போன் செய்தாய். “ஸாரிப்பா, எனக்குத் தோணவே இல்லை” என்றாய். அப்பாவிடம் சொன்னாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெயிலில் குடை பிடித்து நின்றது அப்பா இல்லை, அந்த மகனிடம் பேச்சு வாங்கினதும் அப்பா இல்லை. இதை எழுதும்போது கூடப் பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது பார்.

இரண்டு வாரம் நானும் உன் அப்பாவும் சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டியாச்சா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. போன திங்கட்கிழமை காலை தையற்காரர் மகனே போன் செய்து, நாளையிலிருந்து அப்பாவை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை டைப்பிஸ்ட் அக்காதான் சொன்னார், அவர் வீடும் தையற்காரர் தெருவில்தான் இருக்கிறது. உன் அப்பா சனிக்கிழமை மத்தியான வெயிலில் பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார், உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் வாசலிலேயே நின்று, “ஓட்டறவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க, நான்தான் கேக்காம ஊத்தினேன், தப்பு என்னோடது” என்று சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றிப் பேசும்போது அவர் ‘சொன்னாங்க’ என்று மரியாதையாகச் சொல்லி முப்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை. வீட்டில் வந்து இது பற்றி மூச்சு விடவில்லை, காய்கறி வாங்கப் போனேன் என்றார், பையில் காய்கறியும் இல்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை, ஆனால் நேற்று அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன்.

உன் மேல் இருப்பதும் கோபம்தான், வேறொன்றுமில்லை, நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், வேலையில் நல்ல பேரோடு, மனநிறைவாக இரு, அதுதான் அம்மாவுக்கு வேண்டியது. காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த மாதம் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும், பழைய கம்பெனியா புதுசா என்று பார்த்துச் சொல்லப் போகிறாய் என்று அப்பா காத்திருக்கிறார். அதைப் பேச என் நம்பருக்குக் கூப்பிடு. மூன்றரை மணிக்கு நான் ஆஸ்பத்திரி மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மாதான் இருப்பேன்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டும் உன் அம்மா