கணவாயில் முதலில் வருகிறவர்கள்

பாறைக்கோட்டையிலிருந்து,
மாதாவின் திருநாளுக்கு மறுவாரம்.

அன்புள்ள நிக்கிதாஸ் அவர்களுக்கு எவ்தோகியா எழுதுவது. மலைமேல் உங்களுக்குத் துணை நிற்கும் தேவதூதர் கண்ணயராமல் இருக்கட்டும்.

நானும் அத்தையும் நலம். தார்சஸ் படை எல்லை தாண்டிவிட்டது என்று எச்சரிக்கைக்காரர் வந்து சொன்னதுமே ஊர் முழுவதும் ஆடுமாடுகளோடு இங்கே ஏறிவிட்டது. தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, இடம்தான் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது பாதிரியாரின் கழுதை. "உங்க சாமியாரைவிட நீ மெதுவாத்தான் கத்துற" என்று அத்தை அதைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

அத்தை சிரிப்பதற்குக் காரணம், நான் அவரிடம் பொய் சொல்லியிருப்பது. உங்கள் தங்கை தெக்லா பெரியம்மா குடும்பத்தோடு அடுத்த கோட்டைக்குப் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் அங்கே போகவில்லை. எங்களோடு பாதி வழி ஏறி வந்தாள். ஆற்றோரப் புல்வெளியில் கட்டியிருந்த குதிரைக்குட்டியை யாரும் அவிழ்க்கவில்லை என்பது அங்கேதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணனோட அந்தக் கிழட்டுக் குதிரை இந்த வருஷத்தோட சரி அண்ணி. அடுத்து படையைப் பார்வையிட வர்றப்போ குதிரை இல்லாம போனா, அண்ணனைக் காலாள்ல தள்ளிடுவாங்க. அப்புறம் ஊர்ல தலைகாட்ட முடியுமா?" என்று உதறிவிட்டு ஓடினாள். படைவீரன் வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? மாலையில் குட்டி மட்டும் அறுந்த கயிற்றோடு கோட்டை வாசலுக்கு வந்தது.

அவள் உயிரோடு இருக்கிறாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஆர்மேனிய ஒற்றர் வாகன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆர்மேனியன் காவல் காத்தால் ஊரோடு சேர்ந்து அவனும் தூங்குவான் என்று வாசலில் இருந்தவர்கள் வழக்கம்போல அவரைக் கேலி செய்தார்கள். அவர் என்னைத் தனியே அழைத்தார். "மஞ்சள் முக்காடு, இடது கன்னத்துல தழும்பு. உங்க நாத்தனார்தானேம்மா?" என்றார். நம் ஊர்க்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களுமாக ஒரே கயிற்றில் பிணைத்து நடத்திப் போகிறார்களாம். அவள் செருப்பில்லாமல் நடக்கிறாளாம்.

என் அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு போர் நூல்களை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். எதிரி உள்ளே வரும்போது தடுக்காதே, கொள்ளையோடு களைத்துத் திரும்பும்போது கணவாயில் அடி என்பதே அவற்றின் சாரம். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அன்று வியந்தேன். அந்தக் கொள்ளைக்குள் யார் நடந்து வருவார்கள் என்று நூல் எழுதியவரும் யோசித்ததாகத் தெரியவில்லை, வாசித்த நானும் யோசிக்கவில்லை.

வாகன் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள். மாடுகளையும் கைதிகளையும் முன்னால் விட்டு, குதிரைப்படை பின்னால் வருகிறது. இருட்டில் கணவாய்க்குள் முதலில் நுழையும் காலடிகள் நம்மவர்களுடையவை. மஞ்சள் முக்காடு இதற்குள் மண் நிறமாகியிருக்கும். மேலிருந்து கல் உருட்டும் உங்களால் அவளை அடையாளம் காண முடியாது.

நேரமும் குறைவு. அத்தாலியாவிலிருந்து நம் நெருப்புக் கப்பல்கள் தார்சஸ் கரைக்குப் போய்விட்டனவாம். அங்கே துறையிலிருக்கும் கப்பல்கள்மேல் குழாய்களால் தீ பாய்ச்சினால், இங்கே கொள்ளையடிப்பவர்கள் வீட்டை நினைத்துத் திரும்பி ஓடுவார்கள் என்பது கணக்கு. சேதி கேட்டு இங்கே எல்லோரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். நானும் சிரிக்க முயன்றேன். அவர்கள் ஓடினால் கயிற்றில் இருப்பவர்களும் ஓட வேண்டும். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே கணவாய்க்கு வந்துவிடுவார்கள்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று மிகவும் தயங்கினேன். எழுதினால் இடத்தை விட்டு அவளைத் தேடி இறங்கிவிடுவீர்கள் என்று பயம். எழுதாவிட்டால், எந்தக் கல் யார்மேல் விழுந்தது என்று தெரியாமலே வெற்றியோடு வீட்டுக்கு வருவீர்கள். அப்போது கதவைத் திறப்பவள் நான். உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இறங்காதீர்கள். தளபதியிடம் போய்ச் சொல்லுங்கள். முன்னால் வருகிறவர்களைக் கடந்துபோக விடச் சொல்லுங்கள். அப்படி விட்டால் அவளைக் கொண்டுபோய்விடுவார்களே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் லாமோஸ் ஆற்றில் கைதிகளை மாற்றும் வழக்கம் இன்னும் நின்றுபோகவில்லை. ஒரு பாலத்தில் அவர்களுடைய ஆள் ஒருவர், மறு பாலத்தில் நம்முடைய ஆள் ஒருவர் என்று ஒரே நேரத்தில் கடந்து வருவார்கள். உங்கள் மாமா அப்படித்தான் நரைத்த தலையோடு நடந்து வந்தார். எத்தனை வருடம் ஆனாலும் தெக்லாவும் வருவாள். கல்லுக்கு அடியில் போனவர்களை எந்தப் பாலத்திலும் மாற்றித் தரமாட்டார்கள்.

தளபதி மறுத்தால் என்ன செய்வது என்று எழுத எனக்குத் துணிவில்லை. கட்டளையை மீறுங்கள் என்று ஒரு படைவீரனின் மனைவி எழுதக் கூடாது. அதனால் நான் எழுதவில்லை.

கர்த்தர் உங்கள் கைகளுக்குப் பலம் தரட்டும் என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பேன். இந்த ஒரு முறை, அவர் உங்கள் கைகளைச் சற்றுத் தாமதிக்கச் செய்யட்டும்.

உங்கள்
எவ்தோகியா