நைனா எடுத்த வெற்றிலை

காசிமேடு,
சென்னை-13.
18.6.2003

என் கண்ணு தேசிங்குக்கு, அம்மா புஷ்பவல்லி எழுதுகிறேன். நானும் உன் நைனாவும் உன் தங்கை சௌமியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஐந்து நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை, அதைத் தவிர இந்த வீட்டில் குறை எதுவும் இல்லை. நீயும் தோள்பட்டை வலி விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, கப்பல் பட்டறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வெல்டிங் செய்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். ஜெரினா அக்கா பூத்தில் நான் பேச ஆரம்பித்தால் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நீயோ பாதியில் குறுக்கே பேசி என் பேச்சைக் கலைத்துவிடுவாய். கடிதத்தில் நீ வாயைத் திறக்க முடியாது. முழுசாகப் படி.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். சிங்கப்பூர் ரக்பி அணியில் ஆடச் சொல்லிக் கேட்கிறார்கள், ஜூலை ஐந்தாம் தேதிக்குள் பிறப்புச் சான்றிதழ் நகல் வேண்டும், அனுப்பு நைனா என்றாய். அதற்கு அவர், இங்க ஆளு வந்து உன்னைக் கேட்டாச்சு, நானும் ஒத்துக்கினேன், வேற ஊரு சட்டையைப் போட்டுகினு நம்ம வூட்டு வாசப்படி மிதிக்காதே என்று கத்திவிட்டு ரிசீவரை ஓங்கி அடித்தார். இன்னா மனோகரண்ணே, அது போனா இல்ல உங்க லாஞ்சு நங்கூரமா என்று ஜெரினா அக்கா கேட்டாள், அப்போதும் அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. நேராக வீட்டுக்கு வந்து உன் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு மறுநாள் விடியலில் கடலுக்குப் போய்விட்டார். பெட்டி வீட்டில், சாவி நடுக்கடலில். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

யார் வந்து கேட்டார்கள், இவர் எதற்கு ஒத்துக்கொண்டார் என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற கடைசி வாரம் லாஞ்சு ஓனர்கள் வீடு வீடாக வெற்றிலைத் தட்டோடு வருவார்கள். யார் தட்டில் வெற்றிலை எடுக்கிறோமோ அடுத்த தடைக்காலம் வரை அவர் லாஞ்சில்தான் ஏறவேண்டும், நடுவில் தாவினால் இந்தக் குப்பத்தில் யாரும் மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டார்கள். உன் நைனா பதினாறு வருஷமாக யேசுதாஸ் தட்டைத் தவிர வேறு தட்டைத் தொட்டதில்லை. இந்த வருஷமும் அந்த வாரம் யேசுதாஸ் வந்து போன மறுநாள், நான் மார்க்கெட்டில் இருந்த நேரம், உன் கோச்சு பரசுராமன் வியாசர்பாடியிலிருந்து ஒரு தட்டோடு வந்திருக்கிறார். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு கவர். உங்க புள்ளை கண்டிப்பா வந்துடணும், அவன் இல்லாம எனக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரி கீது, பெரம்பூர்லதான், இருபத்தொம்பதாம் தேதி என்று சொன்னாராம். அந்த மனுஷன் மைதானத்தில்தான் தொண்டை கிழியக் கத்துவார், வீட்டுக்கு வந்தால் தரையைப் பார்த்தே பேசுவார். தட்டில் வெற்றிலை, கேட்டது உன்னை, கேட்டது உன் கோச்சு. இந்தியா டீமுக்குத்தான் ஆள் எடுக்க வந்திருக்கிறார் என்று இவர் முடிவு கட்டி, இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கவரை அரசாங்க ஆர்டர் என்று பிரிக்காமலே டிவி மேல் வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நானும் நம்பினேன், பொய் சொல்லமாட்டேன், அன்றைக்கு மீதியிருந்த சங்கரா மீனை அப்படியே அண்டை வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன். மறுநாளே பெயிண்டர் ஜாபர் படகுத்துறை முனையில் ஆள் உயரத்துக்குப் போர்டு எழுதி நிறுத்திவிட்டான். ‘இந்தியாவுக்காகக் களம் இறங்கும் எங்கள் குப்பத்துத் தங்கம் தேசிங்கு’ என்று எழுதி, நடுவில் நீ, கையில் பந்து. ஜாபர் ரக்பி பந்தைப் பார்த்ததே இல்லை, முட்டை மாதிரி இருக்கும் என்று சௌமியா சொன்னதை வைத்து வரைந்ததில் நீ ஒரு பப்பாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாய். உன் நைனா வலையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகவே நாலு தடவை போனார். வேறு வழியே இல்லாத மாதிரி.

போன வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைக்கும்போது டிவி மேல் இருந்த கவர் கையில் பட்டது. ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. அரசாங்கம் எப்போது மஞ்சள் தடவி ஆர்டர் அனுப்பியது என்று சௌமியாவைப் பிரிக்கச் சொன்னேன். பரசுராமனுக்குக் கல்யாணமடா! முப்பத்தெட்டு வயதில், கேரேஜ் வேலையும் பந்தும் போதும் என்று இருந்த மனுஷனுக்கு, பெரம்பூரில் இருபத்தொன்பதாம் தேதி கல்யாணம், பெண் பெயர் கார்குழலி. பத்திரிகை கொடுக்கத்தான் வந்திருக்கிறார். சௌமியா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, உடனே உன் நினைவும் வந்தது. கல்யாண வெற்றிலையை எடுத்துவிட்டு அல்லவா இவர் உன் காகிதத்தைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நானே ரயில் லைன் ஓரம் பரசுராமன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மைதானத்துக்குப் போனேன். முப்பது பிள்ளைகள், இரண்டு பந்து, ஒரே புழுதி. நீ போன கடிதத்தில் உங்கள் கிளப் அகாடமியைப் பற்றி எழுதியிருந்தாயே, ஆறு வயதுக் குழந்தைக்கும் தனி ஃபைல் வைத்து எடை, உயரம், ஓடுகிற நேரம் எல்லாம் எழுதுகிறோம், சனிக்கிழமை நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று, அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மனுஷன் அங்கேயே ஒரு பிள்ளையிடம் நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் முப்பது பிள்ளைகளையும் வரிசையாக நம் ஏலக்கூடத்துக்குக் கூட்டி வந்து மீன் எடை போடுகிற பெரிய தராசில் நிறுத்துகிறார். கனம் அதிகம் காட்டவேண்டும் என்று ஒருவன் ஆறு போண்டா தின்றுவிட்டு வந்து தராசுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தான். ஏலம் கால் மணி நேரம் நின்றது. நீ சின்ன வயதில் அந்த ஏலக் கூட்டத்துக்குள் மீன் கூடையோடு ஒருத்தர் மேலும் படாமல் வளைந்து வளைந்து ஓடியதைப் பார்த்துத்தானே அவர் உன்னைப் பந்து பக்கம் இழுத்தார், அதனால் என்னோடு மீன் விற்கிறவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

உன் விஷயத்தையும் கேட்டேன். நைனா செய்த கூத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தெளிவாகச் சொன்னார். அவன் மூணு வருசம் அங்கியே கீறான்மா, அதனால அவங்க கேக்கலாம், தப்பு இல்ல. ஆனா ஒரு தபா ஒரு நாட்டுக்காக எறங்கிட்டான்னா அப்புறம் இன்னொரு நாட்டுக்கு எறங்க முடியாது, சட்டம் அப்டி. நம்ம பக்கம் இந்த வருசம் டீம் எடுத்து முடிச்சாச்சு, அடுத்த வருசம் கூப்புடுவாங்களான்னு நான் எப்டி சொல்றது என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். நெஞ்சுல கேட்டா இங்க ஆடணும்னுதான் சொல்லும், ஆனா இந்தியா டீமு செலக்சனுக்கு பம்பாய்க்கு அன்ரிசர்வ்டுல நின்னுகினே போய்ட்டு பேரு வராம திரும்பி வந்தானே, அன்னிக்கி அவன் மூஞ்சியப் பாத்தவன் நான், ஆடாதேன்னு எப்டிம்மா சொல்லுவேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, புழுதி என்று சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் லாஞ்சு வந்தது. சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, இலைக்குப் பக்கத்தில் பத்திரிகையை வைத்துச் சௌமியாவை உரக்கப் படிக்கச் சொன்னேன். மணமகன் பரசுராமன் என்றதும் கை அப்படியே சோற்றில் நின்றது. இடது கையால் பத்திரிகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எதுக்கு குடுத்தா இன்னா, வெத்தலை வெத்தலைதானே, எடுத்தது எடுத்ததுதான் என்று முறுக்கிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேராகவே, உனக்கு அம்மை போட்டிருந்த வருஷம் உன் தம்பி உனக்காக வெற்றிலை எடுத்தானே, யேசுதாஸ் ஒத்துக்கொண்டாரா, நீ எழுந்து உட்காரும் வரை காத்திருந்து மறுபடி தட்டோடு வந்து, உன் கையி எங்க மனோகரான்னு கேட்டாரா இல்லையா என்று கேட்டேன். கை கழுவிவிட்டு வெளியே போனார்.

எங்கே போனார் தெரியுமா? ஜாபரிடம். போர்டை எடுத்துவிடச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். ஜாபரும் அதைத்தான் கேட்டான், தூக்கிடட்டுமாண்ணே என்று. வேணாம், பேரு இருக்கட்டும், பந்தும் இருக்கட்டும், இந்தியான்னு எழுதியிருக்கியே, அத்த மட்டும் வெள்ளையடிச்சிடு என்றார். அந்த இடத்துல இன்னா எழுதறதுண்ணே என்று கேட்டான். அவன் கையை அவன் நீட்டட்டும், அப்புறம் எழுதிக்கலாம் என்றார் உன் நைனா. வரும் வழியில் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, கண்ணை என்னவோ உறுத்துகிறது என்றார். இந்த மாசம் ஊரெல்லாம் புழுதிதான் போலிருக்கிறது.

நேற்று அவரே டிரங்குப் பெட்டியைத் திறந்து, சான்றிதழை நகல் எடுத்து, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி வந்தார். லாஞ்சு லைசென்ஸைக் கடலுக்குக் கொண்டுபோகும்போது சுற்றுகிற மாதிரியே பிளாஸ்டிக் கவர் போட்டு நாலு பக்கமும் மெழுகுவர்த்தியில் ஒட்டியிருக்கிறார். தபாலில் போகிற காகிதத்துக்கு எதற்கு இது என்று சௌமியா கேட்டதற்கு, கடல் தாண்டிதானே போவுது என்றார். பிரிக்கும்போது கத்தரிக்கோல் வைத்துப் பிரி, கிழித்துவிடாதே.

என் மனசையும் சொல்லிவிடுகிறேன். நீ வேறு நாட்டுப் பாட்டுக்கு எழுந்து நிற்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. நீ விளையாடாமலே வயசாகிப் போவதை நினைத்தால் அதைவிடக் கனக்கிறது. சாத்தினால் திறக்காத கதவு என்கிறார்கள், அதனால் யார் தள்ளினாலும் போகாதே, நைனாவுக்குப் பயந்தும் நிற்காதே. உன் தோளைக் கேள், உன் மனசைக் கேள். எந்தச் சட்டை போட்டாலும் துவைக்கப்போவது நான்தான், நம் வாசப்படியும் அதே இடத்தில்தான் இருக்கும்.

கடலம்மா உன்னைக் காப்பாற்றட்டும், அடிபடாமல் ஆடி, நூறு வயசு நன்றாக இரு. பரசுராமன் கல்யாணத்துக்கு வாழ்த்து அனுப்ப மறக்காதே, இவ்வளவுக்கும் அவர் உன்னைக் கூப்பிட்டது சாப்பிடத்தான். பதிலைச் சீக்கிரம் போடு. ஜாபர் இரண்டு நாளாகப் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். இன்று விடியலில் அந்த வெள்ளை இடத்தில் காக்கா எச்சம் போட்டிருந்ததை உன் நைனா துண்டால் துடைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போனார்.

உன் அம்மா,
ம. புஷ்பவல்லி