என் பேரில் நீ நேர்ந்துகொண்டது

என் உயிரான பேச்சியம்மா அக்காவுக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை, அழுததோடு சரி. இன்றைக்கு எழுதுகிறேன் என்றால் உன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. உன் மகளை டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்து நாலு நாளாகியும் அது ஆறவில்லை.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகேஸ்வரி சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கிறாள். அத்தான் லாரி லோடோடு ஊர் ஊராகப் போவதால் அவள் என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் வேனிலிருந்து இறங்கி வந்தவள் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. "இன்னொண்ணு எங்கடி?" என்றேன். குனிந்து பார்த்து அவளே திகைத்துப் போனாள். கழன்று விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கால் அப்படி மரத்துப் போயிருக்கிறது.

நீயும் இப்படித்தானே வந்து நிற்பாய்? "பேச்சி இந்தச் செருப்பையும் தானம் பண்ணிட்டு வந்துட்டா" என்று நான் கைகொட்டிச் சிரித்திருக்கிறேனே. விரல் நுனியில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றாய். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பொம்பளைக்கு உடம்பில் எது வந்தாலும் நம் பக்கம் ஒரே பதில்தான், "கெமிக்கல் இறங்கிருச்சு." அதை முறிக்கக் கருப்பட்டியும் வாழைப்பழமும் தின்னச் சொன்னோம், நீயும் தின்றாய். வாசலில் தடுமாறி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தபோதும் அதையேதான் சொன்னோம். அப்புறம் நாற்பத்து மூன்று வயதில், வேலை விட்டு வந்து முகம் கழுவப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் மகேசு வெடிமருந்தைத் தொட்டதே இல்லையே? அவள் கையில் படுவது காகிதமும் தகரமும்தான். அப்புறம் எந்தக் கெமிக்கல் அவளுக்குள் இறங்கியது? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "பி12 வைட்டமின் ரொம்பக் கம்மி. கால் மரத்துப் போறது அதனாலதான். அதோட ஹோமோசிஸ்டீன்னு ஒண்ணு பார்த்தேன். எல்லார் ரத்தத்துலயும் கொஞ்சம் இருக்கும். பி12, போலிக் அமிலம், பி6 இதெல்லாம் குறைஞ்சா அது கூடிரும். இந்தப் பிள்ளைக்கு நல்லாவே கூடியிருக்கு."

"கூடுனா என்ன செய்யும்?"

"அது கூடுதலா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பும், எலும்பு ஒடியறதும் அதிகமா வர்றதை ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க."

நெஞ்சு, எலும்பு. இரண்டும் உனக்கு வந்ததுதானே. உன் செருப்பு, உன் மணிக்கட்டு, நீ போன சாயங்காலம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். "அப்ப எங்க அக்கா இதுலதான் போச்சா? நாலு மாத்திரை முழுங்கியிருந்தா இன்னைக்கு இருந்திருக்குமா? சொல்லுங்கம்மா" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிச் சொன்னா அது பொய்யாப் போயிரும்மா. ரெண்டும் சேர்ந்து வர்றது உண்மை. ஆனா வைட்டமின் கொடுத்து அதைக் குறைச்சுப் பார்த்தப்ப, மாரடைப்பு குறைஞ்சதாத் தெளிவா வரலை. எலும்புக்கும் ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி முடிவு மாறுது. உங்க அக்கா ரத்தத்தை யாரும் பார்க்கவும் இல்லை. அதனால எனக்குத் தெரியாது. கால் மரத்ததுக்கு மட்டும் அன்னைக்கே வைத்தியம் பார்த்திருக்கலாம். இவளுக்கு இப்பவே பார்த்துருவோம்."

தெரியாதாம். ஆமாம் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் மனசாவது ஆறியிருக்கும். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லு?

இதற்கே இப்படி என்றால், அடுத்து வந்ததைக் கேள். "இந்தச் சத்து பால், தயிர், முட்டை, மீன் மாதிரி சாப்பாட்டுலதான் கிடைக்கும். இதெல்லாம் சாப்பிடுவியா?" என்று டாக்டரம்மா கேட்க, உன் மகள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். "அம்மா நேர்ந்துக்கிட்டது. அம்மா போன பெறகு நான் எடுத்துக்கிட்டேன்" என்றாள். நீ நேர்ந்தது எனக்குத் தெரியாததல்ல. கவுச்சியோடு பாலையும் மோரையும்கூட விட்டாய், உன் அடுப்படிக்குள் அதன் வாசனையே வந்ததில்லை. தாய் பாதியில் விட்டுப்போன நேர்ச்சையைப் பிள்ளை சுமப்பதும் நம் வழக்கம்தான். அத்தான் குடியை விடுவதற்காகத்தான் நீ நேர்ந்தாய், விட்டவர் திரும்பத் தொட்டுவிடக் கூடாதென்றுதான் தொடர்ந்தாய் என்று நானாக நினைத்திருந்தேன்.

"அதான் ஒங்கப்பா குடியை விட்டு ஆறு வருசமாச்சே. முடிச்சிருவோம்டி" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பாவுக்காக இல்ல சித்தி. ஒங்களுக்காக."

"எனக்கா?"

"விஸ்வநத்தத்துல ஒங்க கம்பெனி வெடிச்ச அன்னைக்கு, பொகையப் பாத்துட்டு அம்மா ஓடியாந்துச்சுல்ல? ஓடியார வழியிலேயே நேர்ந்துக்கிச்சாம். என் தங்கச்சி உசுரோட கெடைச்சா, அவ பட்டாசு வேலைக்குப் போய்க்கிட்டிருக்கிற வரைக்கும் கவுச்சியும் பாலும் தொட மாட்டேன்னு. கை ஒடிஞ்சு கெடந்தப்ப எங்கிட்ட மட்டும் சொல்லுச்சு. நீங்க இன்னமும் அங்கன போய்ட்டுத்தான இருக்கீக? நான் தின்னுபுட்டு, ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

அடிப்பாவி அக்கா! ஒன்பது வருஷம் நீ, அதற்கு மேல் இரண்டு வருஷம் உன் மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டில் உன் கண்ணெதிரே உட்கார்ந்து கறிக்குழம்பு தின்றேனே, அப்போதாவது என் மண்டையில் ஒரு குட்டு வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? என் வீட்டுக்காரர் போன பிறகு சரவெடி பின்னுகிற வேலையை விட்டால் எனக்கு வேறு கதியில்லை என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாயா? உன்னை யார் கேட்டார்கள்?

ஊசி போடும்போதுகூட, "இது கவுச்சியில எடுத்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினாள் உன் மகள். இல்லை என்று டாக்டரம்மா சத்தியம் செய்யாத குறை. "ஊசி இப்போதைக்குச் சரி. சாப்பாடும் மாறணும்" என்று சொல்லி அனுப்பினார். நான் மகேசிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. வாதாடி ஜெயிக்கிற பிள்ளையா அது, உன் வயிற்றில் பிறந்தது?

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போய் ஃபோர்மேனிடம், "இன்னையோட நின்னுக்கிறேன் அண்ணாச்சி" என்றேன். "தீவாளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. இப்பப் போய் நிக்கேங்கிறியே, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார். "நான் இங்கன வாரதால வீட்டுல ஒரு பிள்ளை வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மகேசு வேலை பார்க்கிற அச்சாபீஸில் டைரி தைக்க ஆள் கேட்டார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன்.

இன்று அவளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். "நேர்ந்தது ஆரு?" என்றார் பூசாரி. "எங்க அக்கா. இப்ப இல்ல." "ஆருக்காக?" "எனக்காகத்தான் சாமி. வேலையை விட்டுட்டு வந்து நிக்கேன்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு முழுசா வந்து நிக்கையில பெறகென்ன தாயி? முடிஞ்சுது, போ" என்று திருநீறு பூசிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் போட்டுத் தயிரை ஊற்றினேன். பிசைந்தவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவே நின்னுட்டீகளா சித்தி?" "ஒங்கம்மா மேல சத்தியமா நின்னுட்டேன்டி." ஒரு வாய் வைத்தாள். மென்றாள். அப்புறம் தட்டை என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

ஊற்றிவிட்டு, அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். நானே கூட்டிப்போவேன், என்னுடையதையும் பார்ப்பேன். உன் மகள் இனி எனக்காக ஒரு பருக்கையைக்கூட விட நான் சம்மதிக்க மாட்டேன், இது சத்தியம். நீயும் அங்கே இருந்துகொண்டு எனக்காக எதையாவது நேர்ந்து வைக்காதே. யாராவது ஒரு டம்ளர் பால் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடி, அக்கா.

நீ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காத்த உன் தங்கச்சி,
மாரீஸ்வரி