கணக்கு வாத்தியார் கேட்ட மன்னிப்பு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறீர்களா? நான் சுகமே. இந்த வயதில் உனக்கு ஏன் ஆசிரியர் சங்கத்து வக்கீல் வேலை என்று இனிக் கேட்காதீர்கள். இங்கே ஆசிரியர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்.

போன வாரம் ஒரு வேடிக்கை. பள்ளிப் படிக்கட்டில் விழுந்து ஒரு சிறுமிக்குக் கை முறிந்தது. தள்ளிவிட்டார் என்று கணக்கு வாத்தியார்மேல் விசாரணை. அவர் அப்போது அங்கே இல்லவே இல்லை, சாட்சியும் இருந்தது. "நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். விசாரணை அறையில் குழந்தையின் தாய் அழுதாள். இவர் எழுந்து, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிந்து, வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"அழறவங்ககிட்ட மன்னிப்பு கேளுன்னுதானே மேடம் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரேன்?"

நம் கான்வென்ட்டிலும் அதைத்தானே சொல்லித்தந்தார்கள்? அவர் என்னிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். ஞாயிறு மாலை போன் செய்யுங்கள், விஷயம் எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த வாத்தியார் இன்று மறுபடி வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார். மேல்முறையீடு நிற்காது என்று இப்போது நான் போய்ச் சொல்ல வேண்டும். கேட்டதும் மறுபடி என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்றுதான் பயமாக இருக்கிறது.

அவசரத்துடன்,
உங்கள் தங்கை