இருவருக்கும் வந்த காமாலை

அக்கா, டாக்குரியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இன்றைக்கும் அந்தப் புளித்தண்ணீர் வாசனைதான் முதலில் வருகிறது. புச்கா என்று இங்கே பானிபூரி விற்கிற வண்டியைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுகிறவள் நான். நேற்று மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

சின்ன வயதில் நாம் ஒரே இலைக்கிண்ணத்தில்தான் சாப்பிடுவோம். கடைசியில் கொசுறாகத் தருகிற, தண்ணீர் ஊற்றாத புச்காவை எனக்கே தள்ளிவிடுவாய். தமிழில் திட்டி, பெங்காலியில் கொஞ்சி, புச்காக்காரரிடம் இன்னொரு கொசுறும் வாங்குவாய். வெட்கமே கிடையாது உனக்கு.

அப்படி ஒரு மழைக்காலத்தில், ஒரே வாரத்தில் இருவருக்கும் காமாலை வந்தது. அம்மா உப்பில்லாக் கஞ்சியும் கீழாநெல்லியுமாக நம்மை ஒரே கட்டிலில் போட்டுவிட்டாள். யார் கண் அதிக மஞ்சள் என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தோம். எனக்குத் தெளிந்தது. உனக்கும் தெளிந்த மாதிரிதான் இருந்தது. சில மாதங்களில் மறுபடி மஞ்சள் ஏறியது. பழைய காமாலையின் மிச்சம் என்று நினைத்து அம்மா மறுபடி பத்தியம் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஈரல் மிகவும் கெட்டிருந்தது.

கிருமி எப்போதோ போய்விட்டது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி இப்போது சொந்த ஈரலையே தாக்குகிறது என்றார் டாக்டர். அந்தக் காமாலைதான் கிளப்பிவிட்டதா என்று அம்மா கேட்டாள். இருக்கலாம், அந்த வாகு உடம்பில் முன்பே இருந்திருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. புச்காக்காரரைச் சபிக்க ஆரம்பித்தாள். மாத்திரையால் முகம் உப்பிக் கிடந்த நீதான் தடுத்தாய்.

"அவர் என்னம்மா பண்ணுவார்? இவளும்தானே சாப்பிட்டா."

அவருக்காக நீ சொன்னது என் மேல் வந்து விழுந்தது. நானும்தான் சாப்பிட்டேன். பிறகு ஏன் நீ மட்டும்? நீ போய் இத்தனை வருஷமாகியும் அதற்குப் பதில் இல்லை. கோபம் கோபமாக வருகிறது அக்கா, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். அந்தக் காமாலை இனி எனக்கு வராதாம். அன்று உண்டான எதிர்ப்புச் சக்தி ஆயுள் முழுக்க ரத்தத்தில் இருக்குமாம். நல்ல விஷயம்தானே என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் இருவருக்கும் சேர்ந்து வந்ததில் உனக்கு அவ்வளவு வதை, எனக்கு இந்தப் பாதுகாப்பு. இந்தக் கொசுறையும் எனக்கே தள்ளிவிட்டுப் போய்விட்டாய்.